கண்மாய்க்கரைப் பாறைக்கு நான் பூசிய மஞ்சள்

அனுப்புநர்:
ஐ. சந்தனம்மாள்,
அங்கன்வாடிப் பணியாளர் (ஓய்வு),
கீழக்கரிசல்பட்டி, எம்.ரெட்டியபட்டி வழி,
திருச்சுழி வட்டம்.

பெறுநர்:
வட்டாட்சியர் அவர்கள்,
திருச்சுழி.

பொருள்: ஆராய்ச்சி மாணவி சத்யபிரியா மீது ஊரார் கொடுத்த மனு பொய்யானது – அதை எழுதிய என் மீது நானே தரும் புகார் – ஊர்க்கூட்டம் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் ஊரில் யாருக்கு மனு என்றாலும் எழுதுவது நான்தான். சென்ற மாதம் நாற்பத்திரண்டு பேர் கையொப்பமிட்டுத் தங்களிடம் வந்த மனுவும் நான் எழுதியதே.

1. மல்லாங்கிணற்றைச் சேர்ந்த சத்யபிரியா, கண்மாய்க்கரைப் பாறையில் சிவப்புப் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருந்தார். நிலம் எடுக்க வருகிறவர்களும் இப்படித்தான் குறி போடுவார்கள். குவாரி வரப்போகிறது என்று பதறிவிட்டேன். மண்ணெண்ணெய் தொட்டுத் தேங்காய்நாரால் குறியை அழித்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினேன். அம்மன் பாறையை அந்த மாணவி உடைக்கிறார் என்று மனுவும் எழுதினேன். அதுவரை அங்கே அம்மன் கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள் துண்டு காயப்போடும் பாறை அது.

2. விசாரணை முடியும்வரை அவர் பாறைப் பக்கம் போகக்கூடாது என்று தாங்கள் சொன்னது முறைதான். அதன்பின் ஒருநாள் தண்ணீர் கேட்டு என் வீட்டுக்கு வந்தார். கம்பங்கூழ் கொடுத்துவிட்டு, குவாரி எப்போது வரும் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய மலைத்தொடர் எழுந்ததாம். அதன் அடியில் அழுந்தி, வெந்து, உருமாறிய பாறையாம் இது. அதனுள் இருக்கும் பொடி மணிகளைக் கருவியில் வைத்துப் பார்த்தால் மலை எழுந்த காலம் தெரியுமாம். தேங்காய் அளவுத் துண்டு போதும். அம்புக்குறி, அந்தத் துண்டு எந்தத் திசை பார்த்து இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வதற்காக.

“நாம நிக்கிற எடத்துக்கு மேல பல மைலு ஒசரத்துக்குப் பாறை இருந்துச்சு அத்தே” என்றார். நாற்பது வருடமாக இந்த மண்ணை ஒன்றுக்கும் ஆகாத பொட்டல் என்று திட்டியவள் நான். வெட்கமாக இருந்தது.

3. மனு எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. “சாமியாக் கும்புடுறாகன்னா நான் தொட மாட்டேன், வேற பாறை தேடிக்கிறேன்” என்று பதினோரு நாள் வெயிலில் அலைந்தார். எங்கும் கரிசல் மூடிக் கிடக்கிறது, கிடைக்கவில்லை. அவர் கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கருவியில் துண்டை வைத்துப் பார்க்க அவருக்கு ஒதுக்கிய நாள் இம்மாதம் 28. தவறினால் ஒரு வருடப் படிப்பு வீண்.

4. அது சாமிப் பாறை இல்லை என்று ஊராரிடம் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் மூன்று வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்துவிட்டார்கள். அங்கே நேர்ந்துகொண்ட முருகலட்சுமிக்கு ஒன்பது வருடம் கழித்துப் பிள்ளை உண்டாகியிருக்கிறது. “நீ காட்டுன சாமிதான, இப்ப நீயே இல்லங்கிறியா?” என்று ஏசுகிறார்கள். நான் கிளப்பிவிட்ட அம்மன் என் பேச்சையே கேட்கவில்லை.

ஆகவே 28ஆம் தேதிக்கு முன் தாங்கள் எங்கள் ஊரில் கூட்டம் நடத்த வேண்டும். நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் நானே சொல்கிறேன். முருகலட்சுமியின் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. துணி சுற்றிய முன்பக்கம் அவளுக்கு இருக்கட்டும். பின்பக்கத்தில் ஒரு துண்டு எடுக்க அனுமதித்தால் போதும். என் மீது எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

ஒன்று மட்டும் பணிந்து கேட்கிறேன். கூட்டத்துக்கு முன் சத்யபிரியாவிடம் இந்த மனுவைக் காட்டிவிடாதீர்கள். அத்தை என்று கூப்பிட்ட பிள்ளை. என் வாயால் கேட்கட்டும்.

இடம்: கீழக்கரிசல்பட்டி
நாள்: 09.06.2025

இப்படிக்கு,
தவறு செய்த,
ஐ. சந்தனம்மாள்