பதினெட்டு நாள் மூட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பொட்டலம்.

இங்கே வெயில் முகம் பார்த்து இன்றோடு பதினெட்டு நாள். என் பள்ளிச் சட்டையை அம்மா இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைக்கிறாள். எல்லோருக்கும் அலுத்துவிட்டது. வானிலை அலுவலகத்தில் அப்பா மூன்று முறை 'நாளை மூட்டம் விலகும்' என்று அறிவித்தார். மூடுபனியில் வண்டியை எடுக்க முடியாமல் நிற்கும் எதிர்வீட்டு லாரிக்கார மாமா, "சார், உங்க நாளைக்கு எந்தக் கிழமைல வரும்?" என்று கேட்டார்.

காரணத்தை அப்பாவின் வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வழக்கமாக மேற்கிலிருந்து வரும் காற்று வானிலையைத் தள்ளிக்கொண்டே போகும். இப்போது நமக்கு மேலே ஓர் உயர் அழுத்தம், ஆற்று நடுவில் பாறை மாதிரி உட்கார்ந்துவிட்டது. கீழே மூடுபனி அசையாமல் தேங்கி நிற்க, காற்று இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போகிறது. நம் வீட்டிலும் அப்படித்தான். நீ பேச்சைக் கேட்காமல் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய நாளிலிருந்து, அப்பா வீட்டுக்கு வந்தால் கூடத்து நாற்காலியை விட்டு அசைவதில்லை. நானும் அம்மாவும் சுற்றிப் போகிறோம். "போனா போன் பண்ணாதே" என்றவர் அவர்தான். போன் அடித்தால் முதலில் நிமிர்பவரும் அவர்தான்.

அந்தப் பாறையின் கிழக்கு ஓரமாக வடக்குக் குளிர் இறங்குமாம். நீ இருக்கும் ஊர் அந்த ஓரத்தில்தான். வரைபடத்தில் அங்கே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. நேற்று சாப்பிடும்போது யாரையும் பார்க்காமல், "அங்க மைனஸ் ஒன்பது" என்றார். அம்மா, "எங்கே?" என்றாள். "சும்மா சொன்னேன்" என்று தட்டோடு எழுந்துவிட்டார்.

நீ கோபத்தில் விட்டுப்போன கம்பளிக் கோட்டு உள்ளே இருக்கிறது. நானே எடுத்து, நானே மடித்து, நானே கட்டினேன் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். முடிச்சை அவிழ்க்கும்போது பார், எனக்கு அவ்வளவு இறுக்கமாகக் கட்ட வராது.

இந்த மாதிரி உயர் அழுத்தம் சீக்கிரத்தில் நகராதாம். வெளியிலிருந்து ஏதாவது வந்து இடிக்க வேண்டுமாம். எப்போது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

கோட்டைப் போட்டுக்கொள், அக்கா. ஞாயிறு காலை அப்பா வீட்டில்தான் இருப்பார். போன் அடித்தால் நானும் அம்மாவும் எடுக்க மாட்டோம்.

உன் பொடிசு