மூன்று முறை அளந்த இடம்

கல்தூள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. காலையிலிருந்து ரிக் வண்டி இரைகிறது. நான் வரப்பில் உட்காருகிறேன், எழுகிறேன், நாலு எட்டு நடந்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். நாமகிரிப்பேட்டையில் எங்கள் விவசாயக் காட்டில் இது இரண்டாவது போர்வெல். இந்த முறை நீ காட்டிய இடத்தில். பார்க்கத்தான் நீ இல்லை.

சேலத்து விடுதியில் நமக்கு ஒரே அறை. எனக்கு ஆங்கில இலக்கியம், உனக்கு ஜியாலஜி. ஆனால் என் பாடப்புத்தகங்களை என்னைவிட அதிகம் படித்தவள் நீ. பிறகு நான் கல்லூரியில் கவிதை நடத்தப் போனேன். நீ மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெங்கவல்லியிலிருந்து பரமத்தி வேலூர் வரை காடுகாடாகப் போனாய். நாலு இரும்புக் கம்பியை நட்டு, கரண்டைப் பாய்ச்சி, பூமிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று அளப்பது உன் வேலை.

இருபது வருடமாக நமக்குள் ஒரே சண்டை. ஐரோப்பாவில் அறிவொளிக் காலத் தத்துவவாதிகள் எல்லாவற்றையும் அளந்து அளந்து உலகத்தை உலர்த்திவிட்டார்கள், அதைப் பொறுக்காமல்தான் ரொமான்டிக் கவிஞர்கள் கிளம்பினார்கள் என்பேன் நான். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஏனுங்க டீச்சரம்மா, உங்க கவிஞருங்க வானத்துல இருந்தா குதிச்சாங்க?" என்று ஆரம்பிப்பாய். தத்துவவாதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமே உனக்குக் கிடையாது. எல்லாம் பட்டப்பெயர்தான். "அந்த ஸ்காட்லாந்துக் குண்டரு, அறிவு ஆசைக்கு வேலையாளுன்னு சொன்னாரா இல்லியா? கடியாரக்காரரு, அவரு நடக்கறதைப் பாத்து ஊரே மணி வெச்சுதே, அவருதான அறிவுக்கு வரப்புப் போட்டு, இதுக்கு மேல உனக்குத் தெரியாதுன்னாரு? அந்த வரப்புக்கு அந்தப் பக்கம் போய்த்தான் உங்காளுங்க பாட்டுக் கட்டினாங்க. ஜெனீவாக்காரரு அந்தத் தத்துவவாதிங்க கூட்டத்துல இருந்துக்கிட்டே மொதல்ல அழ ஆரம்பிச்சவரு. இது எதிரிச் சண்டை இல்ல புள்ள, பங்காளிச் சண்டை. பேச்சுவார்த்தை இல்லீன்னாலும் எழவுன்னா வந்து நிக்கோணும்."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாய்.

போன சித்திரையில் என் தம்பி இந்தக் காட்டில் போர் போடக் கிளம்பினான். உன்னை வரச் சொன்னேன். உனக்குத் தெரியாமல், முந்தின நாளே தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் கூட்டி வந்திருந்தேன். வேப்பமரத்துக்குக் கிழக்கே அவர் உள்ளங்கையில் தேங்காய் விறைத்து நின்றது. அவர் உடம்பு உதறியது. எனக்குப் புல்லரித்துப்போனது. "அமோகமான தண்ணீங்க சாமி" என்றார். அங்கே ஒரு கல்லை நட்டு, நீ பார்த்துவிடக் கூடாதென்று மேலே சோளத்தட்டைப் போட்டு மூடினோம். நீ மறுநாள் வந்து, வெயிலில் அரை நாள் நின்று, மேற்கு வேலியோரம் ஒரு இடத்தைக் காட்டினாய். "தண்ணி வர்றது பாதிக்குப் பாதிதான். நானூத்து எண்பது அடி வரைக்கும் உட்டுப் பாக்கோணும்" என்றாய். பாதிக்குப் பாதி! அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி தயங்கினான். நான்தான் தேங்காய் நின்ற இடத்தில் போடச் சொன்னேன்.

எழுநூறு அடி போயும் தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான் பறந்தது.

கேள்விப்பட்டு நீயே வந்தாய். குழியருகே எடுத்துப் போட்டிருந்த சோளத்தட்டையும் கல்லையும் பார்த்தாய். "தேங்காயத்தான் நம்பறதுன்னா என்னை எதுக்கு வெயில்ல நிக்க வெச்சே?" என்றாய். நீ கேட்டதில் என்ன தப்பு? மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தா இப்பப் போய் இப்படிக் கேப்பியா? நீயும் உன் மீட்டரும் ஒண்ணு" என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

மூன்று மாதம் நாம் பேசவில்லை. போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். ஆடி மாதம் ஒரு காலையில், கெங்கவல்லிப் பக்கம் கம்பி நட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். பங்காளியைப் போல எழவுக்கு வந்து நின்றேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் உன் ரீடிங் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க காட்டு ரீடிங் இதுல இருக்குதுங்க. உங்ககிட்ட இருக்கட்டுமுங்க" என்றார். புரட்டினேன். மற்றவர்கள் காட்டுக்கெல்லாம் ஓர் இடத்துக்கு ஒரே ஒரு ரீடிங். எங்கள் காட்டுப் பக்கத்தில் அதே வேலியோர இடத்துக்கு மூன்று. மூன்றும் ஒரே எண். கீழே பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தாய்: "இவளுக்குத் தண்ணி கிடைக்கோணும் சாமி. மனசு உறுதியாச் சொல்லுது. மீட்டர் பாதிதான் சொல்லுது. மீட்டர் சொன்னதை மட்டும் சொல்லிட்டு வந்தேன்."

அதைப் படித்த மறுநாள் வகுப்பில் பழைய பாடத்தைத் தொடங்கினேன். உலர்ந்த தத்துவவாதிகள், ஈரமான கவிஞர்கள். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று வகுப்பை அதோடு விட்டேன்.

இப்போது நானூற்று நாற்பது அடி. இன்னும் புகைதான். தம்பி ஓடி வருகிறான்.

"அக்கா, நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நானூத்து எண்பது போகட்டும்."

"தண்ணி வருமாக்கா?"

"பாதிக்குப் பாதி" என்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போகிறான்.

தண்ணீர் வர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. வந்தால் நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்ளத் துடிக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் இன்னொரு தேங்காய்தான். நான் சொன்னது தப்பு. உனக்கு மனசு இருந்தது, என்னுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது. அதைத் தண்ணீர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உன் நோட்டு மடியில் இருக்கிறது. வந்தால் வந்த அடியை எழுதுவேன், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவேன். எழுதுமுன் மூன்று முறை பார்ப்பேன்.