பெரிய குருசின் கீழ் ஒரு திரி

2025 அக்டோபர் 14, செவ்வாய்

கல்லறைத் தோட்டம் ஒருவழியாக வலைத்தளத்தில் ஏறிவிட்டது. பங்கு இளைஞர் குழுப் பையன் பெவின் வெயிலில் நின்று ஒவ்வொரு கல்லறையாகப் படம் எடுத்து அனுப்பினான். சர்வர் என் பாடு. கல்லறைத் திருநாளுக்கு ஊர் வர முடியாத கப்பல்காரர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் தங்கள் வீட்டுக் கல்லறையைத் தொட்டால் அங்கே ஒரு மெழுகுதிரி எரியும். பக்கத்தைத் திறந்தவர் மூடும் வரை இணைப்பு அறுபடக் கூடாது. தோஹாவில் ஒருவர் ஏற்றினால் அதே நொடியில் இங்கே எல்லார் போனிலும் எரிய வேண்டும். "நீதானம்மா கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள" என்று ஃபாதர் என் தலையில் கட்டிவிட்டார். படித்தது குற்றம்.

அக்டோபர் 19, ஞாயிறு

பெவின் வீட்டுக்கு வந்தான். பங்கில் இறந்தவர்களின் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். "அக்கா, ஃபிராங்க்ளின் அண்ணன் பேரு...?" என்று இழுத்தான். சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது. "எம் மவன் பேரு அதுல எதுக்குலே? அவன் வந்துருவான்." பெவின் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணி கவிழ்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிழைத்து வந்தவர்கள், ஃபிராங்க்ளின் அலைக்குள் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை. மாமிக்கு அது போதும். என்னைத் தாலியைக் கழற்றவும் விடவில்லை, பூசையில் அவன் ஆத்துமாவுக்காக வேண்டவும் விடவில்லை. நான் அவன் பெண்டாட்டியா, விதவையா? யாராவது சொன்னால் தேவலை.

அக்டோபர் 27, திங்கள்

சோதித்துப் பார்த்தோம். சர்வரில் கல்லறை வரிசைக்கு ஒரு அறை. அந்த வரிசையைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் அங்கே ஏறும் திரிகளைச் சர்வர் சொல்லும். தோட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய குருசை, அந்தச் சிலுவையை, என்ன செய்ய என்று பெவின் கேட்டான். அதையும் ஒரு கல்லறையாக வைத்துக்கொள் என்றேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

அக்டோபர் 31

மழை. மாமி என்னோடு பேசுவதில்லை. போனை மட்டும் நோண்டிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

விழுந்துவிட்டது.

சாயங்காலம் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் தளத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வரிசைகள் அமைதியாக இருந்தன. பெரிய குருசில் மட்டும் கூட்டம் ஏறிக்கொண்டே போனது. கல்லறை இல்லாதவர்களுக்கு அங்கேதானே திரி வைப்போம்! கடலோடு போனவர்கள், பிற தேசத்தில் புதைக்கப்பட்டவர்கள் — அத்தனை பேருக்கும் அந்த ஒரே அறை. ஏறும் ஒவ்வொரு திரியையும் அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். சர்வர் திணறித் திணறிக் கடைசியில் படுத்துவிட்டது. எல்லாத் திரிகளும் ஒன்றாக அணைந்தன.

கடலில் புருஷனைப் பறிகொடுத்த எனக்கல்லவா இது தெரிந்திருக்க வேண்டும்? ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

அதைத் திரும்ப எழுப்பப் போராடிக்கொண்டிருக்கும்போது மாமி போனும் கையுமாக ஓடி வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஏளா ஜெர்லின், குருசடில அவனுக்கு ஒரு திரி வச்சேன். வச்ச கையோட அணஞ்சிட்டு! ஆண்டவரு வேண்டாங்காரு. அவன் இருக்கான்ளா!"

வைத்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் தெரு பார்க்கும், மகன் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று, யாருக்கும் தெரியாமல் போனில் வைத்திருக்கிறார். அதை என் சர்வர் அணைத்திருக்கிறது.

நான் சர்வரை எழுப்பும் வேலைக்கே திரும்பினேன்.

நவம்பர் 3, திங்கள்

பெரிய குருசைப் பல அறைகளாகப் பிரித்துவிட்டேன். நிறையப் பேர் மறுபடி வந்து ஏற்றினார்கள். மாமி ஏற்றவில்லை. மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு மீன் கழுவினார். அவர் பாடி எவ்வளவு நாளாயிற்று!

நவம்பர் 5, புதன்

ஃபிராங்க்ளினின் சட்டைகள் கொடியில் காய்கின்றன. வந்ததும் உடுத்த வேண்டுமாம்.

திரி ஏன் அணைந்தது என்று மாமியிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அவன் இன்னொரு தடவை சாவான், இந்தத் தடவை என் வாயால். சொல்லாவிட்டால் — கிழவியாகும் வரைக்கும் நானும் இந்தச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கணுமா? என்னால முடியாது. முடியவே முடியாது.

நவம்பர் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். மாமி உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, அன்னைக்குத் திரி அணஞ்சது ஆண்டவராலே இல்ல. என் சர்வர் விழுந்துட்டு. தப்பு என் மேல."

கை நின்றது. "அப்போ எனக்கு மட்டும் இல்லியா?"

"எல்லாருக்கும்தான் மாமி. குருசடில எரிஞ்ச அம்புட்டும்."

"அம்புட்டும்..." என்றார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "ஒனக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும் என்னளா" என்றார். இத்தனை நாளில் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் மடியில் விழுந்து அழுதேன். அவர் அழவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் மாமி வீட்டுப் பக்கம் திரும்பாமல் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். தெருவே பார்த்தது. நான் பின்னால் போனேன்.

பெரிய குருசின் கீழே உட்கார்ந்து ஒரு திரியைப் பற்ற வைத்தார். உடனே அணைந்தது. மாமி கருகிய திரியைப் பார்த்தார். பிறகு இன்னொரு தீக்குச்சியை எடுத்தார்.

"காத்துதான்" என்றார். "இங்கன வந்து மறச்சி நில்லுளா."

போய் நின்றேன்.