காலுக்கு ஒரு கேமரா

பிப்ரவரி 3
அம்மாவின் கால் புண், சர்க்கரைப் புண். நான்காவது மாடி, லிஃப்ட் செத்துக் கிடக்கிறது. அவளை இறக்கி ஏற்ற என்னால் ஆகாது. வாரம் இருமுறை படம் எடுத்து அனுப்பினால் டாக்டர் பார்த்துக்கொள்வார். என் ஃபோனில் எடுத்தால் மங்கலாக விழுகிறதாம். "கிட்டத்துல தெளிவா விழணும், நிறம் மாறக் கூடாது. சாதாரண கேமரா போதும்மா" என்றாள் நர்ஸ்.

பிப்ரவரி 5
அண்ணனிடம் சொன்னேன். தப்பு. "உனக்கு என்ன தெரியும்? நான் பார்த்து வாங்கறேன்." எங்கள் வீட்டில் பணம் கொடுப்பவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

பிப்ரவரி 11
வந்துவிட்டது. கையில் தூக்கினால் தோள் விட்டுப்போகிறது. அடுத்த தெருக் குருவியின் கண்கூடத் தெரியுமாம். எனக்கு எதுக்கு குருவி? எல்லாவற்றையும் அண்ணனே திருகி வைத்தான். "ஒண்ணையும் மாத்தாத, சும்மா அமுக்கு. என் பொண்ணு கல்யாணத்தப்போ வந்து இதை எடுத்துக்கறேன்." ஓ, அப்படிப் போகிறதா கதை!

பிப்ரவரி 14
படத்தைப் பார்த்து அம்மாவுக்கே வெட்கம். "என் காலாடி இது, இவ்வளவு அழகா?" இருவரும் சிரித்தோம்.

பிப்ரவரி 18
டாக்டர் சொல்லிவிட்டார்: நன்றாக ஆறுகிறது, அதே மருந்து.

பிப்ரவரி 25
சுண்டுவிரல் கறுத்தாற்போல் இருக்கிறது. நாற்றம் வேறு. படத்தில் கறுப்பே இல்லை. "எங்கே கறுப்பு? பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ், ஃபோனில். டாக்டரைவிட எனக்கா தெரிந்துவிடும்?

மார்ச் 2
அம்மாவுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள்.

மார்ச் 3
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 4
நர்ஸ் கேமராவைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தோலை மெருகேத்தற வசதியைப் போட்டு வச்சிருக்கீங்களே! கறுப்பு, தழும்பு எல்லாத்தையும் அழிச்சு ரோஸாக்கிடும். யாரு போட்டது?"
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இப்போது மெஷினே வந்துவிட்டது. ஆனால் அந்த நாற்றம்? என் மூக்குக்குத்தானே அடிச்சுது! என் மூக்கை நம்பாம படத்தைப் போய் நம்பினேனே, பாவி.

மார்ச் 9
அண்ணன் வந்தான். "நீதானே பக்கத்துல இருந்தே? பார்க்க வேணாமா?" பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "உன் பூச்சைக் கல்யாணப் பொண்ணுக்குப் பூசுடா! அம்மா காலுக்கு எதுக்குடா?" வார்டே திரும்பிப் பார்த்தது.
"அண்ணனையே டா போடறியா?" என்றான். அம்மாவின் கால் போனதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 20
இன்று நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலைந்தை எடுத்துப் பரப்பினார். "இதுல எடுத்தா மூஞ்சி பளபளன்னு விழும்மா." வேண்டாம் என்றேன். கைரேகை தெரியும்படி கிட்டத்தில், அழுக்கு அழுக்காகவே விழுகிற சின்னது ஒன்றைப் பொறுக்கினேன்.
"எதுக்கும்மா, டூர் போறீங்களா?" என்று கேட்டார்.
"இல்லைங்க. எங்கம்மாவுக்கு இன்னொரு கால் இருக்கு."