அம்மாவின் சாடியில் மணல்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
2 ஜூன் 2009

அன்புள்ள நீவெஸ்,

இங்கு எல்லோரும் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா?

அத்தை மகள் பியா தொலைபேசியில் சொன்னதை நம்ப முடியவில்லை. கல்லறையில் அம்மாவின் பூச்சாடித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மணலை நிரப்பினாயாமே? இத்தாலியை விட்டு இவ்வளவு தூரத்தில் இருக்கும் நான் அம்மாவுக்குச் செய்ய முடிந்தது அந்தப் பூ ஒன்றுதான். வாராவாரம் கார்னேஷன் வைக்கப் பூக்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொசு ஒழிக்க உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? ஆகஸ்டில் நான் வரும்போது சாடியில் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் உன் வாசற்படி மிதிக்க மாட்டேன்.

உன் அக்கா,
எல்தா

11 ஜூன்

அன்புள்ள அக்கா,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். போன கோடைக் காய்ச்சலுக்குப் பிறகு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. ரொட்டிக்கடை நேவியோவைக் கொண்டுபோனதும் அந்தக் கொசுக் காய்ச்சல்தான். நகராட்சி வண்டி தெருவில் மருந்தடித்துவிட்டுப் போகிறது. கொசு வளர்வதோ நம் கொல்லையில். அதனால் தெருப் பெண்கள் ஏழு பேர் சனிக்கிழமைதோறும் வீடுவீடாகப் போய் வாளி, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்க்கிறோம். திட்டிக்கொண்டே என்றாலும் கதவைத் திறக்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில்தான் மாட்டிக்கொண்டோம். எண்ணூறு சாடி, எட்டிப் பார்த்தால் புழு நெளிகிறது. ஈர மணலிலும் பூ வாடாமல் நிற்கும் என்று தொண்டை வற்றச் சொன்னோம். யாரும் தொட விடவில்லை. நேவியோவின் மனைவி இல்வாவே இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி, உங்கம்மா சாடியில தண்ணி தளும்புது, எம்புருஷனுக்கு மட்டும் மணலா? மொதல்ல உன்னோடத கவுத்துட்டு அப்புறமா ஊருக்குச் சொல்ல வா!"

கவிழ்த்தேன். அழுதுகொண்டேதான் கவிழ்த்தேன். அன்று சாயங்காலத்துக்குள் நூற்றிருபது சாடிகளில் மணல் ஏறியது. முதல் ஆளாக இல்வா.

தண்ணீர் ஊற்ற மாட்டேன், அக்கா. கோபித்துக்கொள், ஆனால் வீட்டுக்கு வா. இந்த விரல்களாலேயே மாவு பிசைந்து பியதீனா ரொட்டி சுட்டு வைக்கிறேன்.

நீவெஸ்

17 ஆகஸ்ட்

அக்கா,

வந்தாய், பியா வீட்டில் மூன்று நாள் தங்கினாய், போய்விட்டாய். ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். மனசு ரொம்ப வலித்தது.

நேற்று சாடியைப் பார்த்தேன். மணலை வாரி எறிந்து தண்ணீர் நிரப்பியிருந்தாய். அதைப் பார்த்துப் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் நான்கு பேர் தங்கள் சாடியிலும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். இல்வா, "நீயாச்சு, உங்கக்காவாச்சு. நான் கை வைக்க மாட்டேம்மா" என்று ஒதுங்கினாள்.

மறுபடியும் கவிழ்த்தேன். உன் பூவை எறியவில்லை, மணலில் நட்டேன். நீ அடுத்த ஆண்டும் வந்து ஊற்று, மறுநாளே கவிழ்ப்பேன். அவள் எனக்கும் அம்மாதான்.

நீவெஸ்

29 ஆகஸ்ட்

நீவெஸ்,

இனி பூ வேண்டாம் என்று பூக்காரியிடம் சொல்லிவிட்டேன். எனக்கு எழுதாதே.

எல்தா

5 செப்டம்பர்

அக்கா,

எழுதுகிறேன். இன்று முதல் பூவை நான் வாங்கி வைக்கிறேன், அதே சிவப்புக் கார்னேஷன். பூவோடு செருகும் அட்டையில் உன் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதைக் கிழிக்க வேண்டுமானால் நேரில் வா.

உன் தங்கை