சிவப்புப் பொட்டு வைத்த சிப்

என்னங்க, சாப்பாடு மேசையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மேலே படியுங்கள்.

வகுப்புக்காக நீங்கள் செய்யும் கம்ப்யூட்டரின் சிப் ஒன்றில் என் சிவப்பு நெயில் பாலிஷ் கறை இருந்தது. நம் சின்னவள் வேலை என்று அவளைத் திட்டிவிட்டு, கறையைத் துடைத்து, மற்ற சிப்களோடு சேர்த்து வைத்துவிட்டேன். பிறகுதான் உங்கள் நோட்டைப் பார்த்தேன்: ‘புரோகிராம் ஏற்றியது சிவப்புப் பொட்டு. மற்ற ஏழும் காலி.’ தூக்கிவாரிப்போட்டது! எட்டும் ஒரே அச்சு.

நேற்று, “உனக்கு இதெல்லாம் புரியாது” என்று சொன்னீர்களே? நோட்டைப் பார்த்து, கரண்டை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஆறாவதில் விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கின!

சின்னவளிடம் உண்மையை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பி.கு. மறுபடி பொட்டு வைத்துவிட்டேன். பச்சை. சிவப்பைத்தான் யாரோ தீர்த்துவிட்டார்களே!