நீக்கப்பட்ட காட்சி

மார்ச் 3, திங்கள்

அருங்காட்சியகத்தின் சட்ட ஆலோசகர் என்ற முறையில், புதிய கண்காட்சிக்கான ஒலிநாடகப் பிரதியைப் படித்து வருகிறேன். இரண்டு தலைமுறைக்கு முன்பு அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தூக்கிலிடப்பட்ட ஓர் அச்சுக்கோப்பாளரின் வழக்கு. பார்வையாளர்கள் காதுக்கருவி மாட்டிக்கொண்டு அறை அறையாகக் கேட்பார்கள். அவர் மனைவிக்குக் குரல் கொடுப்பவள் என் மனைவி. அச்சுக்கோப்பாளருக்கு, என் ஜூனியர் வக்கீல். அவனைச் சிபாரிசு செய்தவன் நானே என்பதையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

ஒத்திகையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“உங்க ஜூனியர் அழ வச்சிட்டான்ங்க! கோர்ட்ல இப்படிப் பேசினா ஜட்ஜே ஜாமீனுக்கு நிப்பார்.”

சிரித்து வைத்தேன். பதினெட்டு வருடங்களில் என் வாதத்தைக் கேட்டு அவள் அழுததில்லை. தூங்கியிருக்கிறாள்.

மார்ச் 8, சனி

ஒத்திகைக்குப் போய், ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். சிறையில் கடைசிச் சந்திப்பு. “தங்கம், நீ அழுதா நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும்” என்கிறான் ஜூனியர். இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் — நடிப்பா?

நான் அவளைத் தங்கம் என்று அழைத்ததில்லை. அழைத்தால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

அந்தக் காட்சிக்கு ஆட்சேபம் எழுதினேன். சந்திப்புக்கு நேரடிச் சாட்சி இல்லை. அச்சுக்கோப்பாளரின் பேத்தி சொல்லியிருப்பது வெறும் கேள்விச் சான்று, பிறர் சொல்லக் கேட்டது. வழக்கு வரக்கூடும்.

யார் தொடுப்பார்கள்? அந்தப் பேத்திதான் ஒரே வாரிசு. அவர் சம்மதக் கையெழுத்தே போட்டிருக்கிறார். தெரிந்துதானே எழுதினேன்?

பொறாமை ஓர் ஆட்சேபக் காரணமாகாது. ஆகவே அதைக் குறிப்பிடவில்லை.

மார்ச் 12, புதன்

இயக்குநர் காட்சியை நீக்கிவிட்டார்.

“யார் வெட்டச் சொன்னதுன்னு கேட்டேன். எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கிறாங்க” என்றாள்.

“சட்டப்படி பார்த்தா—”

“சட்டமா, வயித்தெரிச்சலா? அவன் எனக்குத் தம்பி மாதிரிங்க!”

மேசைமேல் இருந்த சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

மார்ச் 20, வியாழன்

இப்போதெல்லாம் அவள் ஒத்திகையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. கேட்டால், “ம், நடந்துச்சு.” பிறழ்சாட்சிகளிடமிருந்துகூட இதைவிட அதிகம் வரவழைத்திருக்கிறேன்.

மார்ச் 29, சனி

திறப்பு விழா. ஐந்தாம் அறையில் கருவி மௌனமாகிவிடுகிறது. சுவரில் ஒரு பலகை: ‘கடைசிச் சந்திப்பு, சட்ட ஆலோசகரின் ஆட்சேபத்தால் நீக்கப்பட்டுள்ளது.’

கூட்டமெல்லாம் அங்கேதான். பலகையைப் படம் எடுக்கிறார்கள்.

“அன்னிக்கும் வாயடச்சாங்க, இன்னிக்கும் அடைக்கிறாங்க. யாருய்யா அந்த ஆலோசகன்?” என்றார் ஒரு பெரியவர்.

“எங்க வீட்டுக்காரர்தான்” என்றாள் என் மனைவி. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆட்சேபத்தைத் திரும்பப் பெற இயக்குநரிடம் போனேன்.

“ஐயையோ, வேணாம் சார். அந்தப் பலகையப் பாக்கத்தான் ஜனமே வருது.”

வீட்டில் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“இப்ப எதுக்குப் போனீங்க?”

“நீ பேசறதக் கேக்கணும்போல இருந்துச்சு.”

“தினமும் வந்து பேசிட்டுத்தானே இருந்தேன்” என்றாள். என் சட்டைகளைத் தனியாக என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள்.